பிராஞ்ச் மாறலாமா, காலேஜ் மாறலாமா? முதலில் மூன்றாம் செமஸ்டர் புத்தகத்தைத் திறங்கள்

முதல் செமஸ்டர் ரிசல்ட் வந்த வாரத்தில் எனக்கு வரும் போன்கள் அநேகமாக ஒரே மாதிரி இருக்கும். "அண்ணா, மெக்கானிக்கல் எனக்கு செட் ஆவலைங்கண்ணா. சி.எஸ்.இ.க்கு மாத்திக்க முடியுங்களா?" பேசுவது பாலக்கோட்டுப் பையனாக இருக்கும், இல்லையென்றால் அரூர்ப் பக்கத்துப் பெண்ணாக இருக்கும். நான் திருப்பிக் கேட்பது ஒரே கேள்விதான். "மெக்கானிக்கல்ல இதுவரைக்கும் எந்தப் பேப்பர் படிச்சிருக்கே?" அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே வராது.

பெரும்பாலும் படித்திருக்க வாய்ப்பில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் முதல் செமஸ்டர் எல்லா பிராஞ்சுக்கும் ஒன்றுதான். ஆங்கிலம், மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ், இன்ஜினியரிங் பிசிக்ஸ், இன்ஜினியரிங் கெமிஸ்ட்ரி, பைத்தான், தமிழர் மரபு. சிவில் மாணவனும் கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவியும் எழுதுவது இதே தாள்களைத்தான். இரண்டாம் செமஸ்டரிலும் ஸ்டாட்டிஸ்டிக்ஸ், இன்ஜினியரிங் கிராபிக்ஸ், தமிழரும் தொழில்நுட்பமும் என்று பொதுத் தாள்கள் தொடரும். கால்குலஸில் அரியர் விழுந்ததால் மெக்கானிக்கல் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டினால் கணக்கு தப்பு. சி.எஸ்.இ.க்குப் போனாலும் அந்தக் கால்குலஸ் கூடவே வரும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. உங்கள் பிராஞ்ச் எப்படி இருக்கும் என்பது மூன்றாம் செமஸ்டரில்தான் தெரியவரும். மெக்கானிக்கலுக்கு தெர்மோடைனமிக்ஸ், சி.எஸ்.இ.க்கு டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், ட்ரிபிள் ஈ-க்கு எலக்ட்ரோமேக்னடிக் ஃபீல்ட்ஸ். ஆனால் பிராஞ்சோ காலேஜோ மாற நடைமுறையில் கிடைக்கும் அவகாசம், முதல் ஆண்டு முடிந்து இரண்டாம் ஆண்டு தொடங்கும் அந்தச் சில வாரங்கள்தான். வகுப்பு ஆரம்பித்தபின் அலைந்தால் பெரும்பாலும் செருப்புத் தேய்வதோடு சரி. ஆகவே மூன்றாம் செமஸ்டரை நீங்கள்தான் முன்னால் இழுத்துக்கொண்டு வர வேண்டும். இந்தக் கட்டுரையில் மற்றதையெல்லாம் மறந்தாலும் பரவாயில்லை, இதை மட்டும் செய்துவிடுங்கள்.

1. பதினைந்து நாள் டெஸ்ட்

செமஸ்டர் லீவில் சீனியர்களிடம் இரண்டு புத்தகங்களை இரவல் வாங்குங்கள். ஒன்று, உங்கள் பிராஞ்சின் மூன்றாம் செமஸ்டர் புத்தகம். இன்னொன்று, நீங்கள் போக நினைக்கும் பிராஞ்சுடையது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம், தினமும் இரண்டு மணி நேரம். புரியாத இடத்துக்கு என்.பி.டி.இ.எல். வீடியோக்கள் இருக்கின்றன, ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் எடுக்கும் வகுப்புகள், பார்க்கக் காசு வேண்டாம்.

வெறுமனே படிக்கக் கூடாது. கை வைக்க வேண்டும். தெர்மோடைனமிக்ஸ் என்றால் முதல் இரண்டு யூனிட்டில் பத்து ப்ராப்ளம் போடுங்கள். டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் என்றால் லிங்க்ட் லிஸ்ட்டை சி மொழியில் நீங்களே எழுதி, எரர் வந்தால் நீங்களே தேடிப் பிடியுங்கள். விடை சரியா தப்பா என்பதைவிட, விடை வராத நேரத்தில் என்ன செய்தீர்கள் என்பதைக் கவனியுங்கள். எந்தப் புத்தகத்தோடு இன்னும் அரை மணி நேரம் மல்லுக்கட்டத் தோன்றியது? எதை மூடிவைத்துவிட்டு போனை எடுத்தீர்கள்? தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். 15 நாள் கழித்து அந்த நோட்டு சொல்வதை உறவினர் சொல்வதைவிட அதிகம் நம்பலாம்.

இரண்டு புத்தகமும் ஒரே மாதிரி கசந்தால் பிராஞ்ச் மாறி உங்களுக்கு ஒரு லாபமும் இல்லை.

2. கசப்பது எது என்று பெயர் வையுங்கள்

"பிடிக்கலை" என்ற ஒரு சொல்லுக்குள் ஐந்தாறு விஷயங்கள் ஒளிந்திருக்கும். ஹாஸ்டல் சாப்பாடு, ரூம்மேட், தினமும் இரண்டு மணி நேர பஸ் பயணம், ஒரு குறிப்பிட்ட ஆசிரியர், ப்ளஸ் டூ நண்பர்கள் எல்லாம் கோவையில் இருக்கும்போது தான் மட்டும் இங்கே இருக்கும் ஏக்கம். இதில் எதற்கும் பிராஞ்ச் மாற்றம் மருந்து இல்லை. சிலவற்றுக்கு ரூம் மாற்றம் போதும்.

நம் தருமபுரி மாவட்டத்தில் நான் அடிக்கடி பார்க்கும் காரணம் வேறு. பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில், அரசுப் பள்ளியில், நல்ல மதிப்பெண் எடுத்து வந்த பிள்ளைகள். பிசிக்ஸ் தெரியும். ஆனால் அதே பிசிக்ஸ் ஆங்கிலத்தில் வேகமாக ஓடும்போது பின்பெஞ்சில் உட்கார்ந்து விழிப்பார்கள். இன்டர்னல் மார்க் குறையும். பென்னாகரத்தில் பள்ளி முதலிடம் வந்த மாணவி கல்லூரியில் நாற்பது மார்க் வாங்கும்போது தனக்கு இன்ஜினியரிங்கே வராது என்று நினைத்துக்கொள்வாள். அது பொய். பாடம் அவளுக்கு வரும், மொழிதான் இன்னும் வந்து சேரவில்லை.

இதற்கு வழி இருக்கிறது. ஒவ்வொரு யூனிட்டிலும் முப்பது ஆங்கிலக் கலைச்சொற்களை எடுத்து, எதிரே நீங்கள் பள்ளியில் படித்த தமிழ்ச் சொல்லை எழுதுங்கள். டார்க் என்றால் திருப்பு விசை, மொமன்டம் என்றால் உந்தம். உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம்தான், சட்டை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது. வகுப்பில் ஒரு நாளைக்கு ஒரு கேள்வியாவது, தப்பு ஆங்கிலத்திலாவது, வாய் திறந்து கேளுங்கள். இரண்டு செமஸ்டரில் இந்த மேடு ஏறிவிடலாம். ஏறுவதற்கு முன் பிராஞ்ச் மாறினால், புது வகுப்பில் அதே மேடு மறுபடியும் முதலிலிருந்து.

3. வேலைச் சந்தை எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

சி.எஸ்.இ. எடுத்தால்தான் வேலை என்ற பேச்சு தருமபுரி பஸ் ஸ்டாண்டில் ஆரம்பித்து வீட்டுத் திண்ணைவரை வந்துவிட்டது. தேசிய நெடுஞ்சாலை 44-இல் வடக்கே போய்ப் பாருங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் ஓசூர். டி.வி.எஸ். மோட்டார், அசோக் லேலண்ட், டைட்டன். ஓசூரை ஒட்டி டாடா எலக்ட்ரானிக்ஸ். போச்சம்பள்ளியில் ஓலா எலக்ட்ரிக். மெக்கானிக்கல், ட்ரிபிள் ஈ, இ.சி.இ. படித்தவர்களுக்கு இவ்வளவு அருகில் இவ்வளவு தொழிற்சாலைகள் இருக்கும் மாவட்டங்கள் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. நான் ஓசூரில் ஆள் எடுக்கும் பேனலில் உட்காருகிறவன். எங்களுக்கு வேண்டியது மோட்டார் கன்ட்ரோல் தெரிந்த, பி.எல்.சி.யில் கை வைத்த, கொஞ்சம் பைத்தான் எழுதத் தெரிந்த பையனோ பெண்ணோ. இந்த மூன்றும் ஒரே ஆளிடம் கிடைப்பது அரிது. கிடைத்தால் விடமாட்டோம்.

ஐ.டி. சர்வீஸ் நிறுவனங்கள் பெரும்பாலும் எல்லா பிராஞ்சையும் எடுக்கின்றன. அவர்கள் பார்ப்பது 60 சதவீதம், அரியர், ஆப்டிட்யூட், கோடிங். டிகிரியையே பார்க்காமல் ஆள் எடுத்துப் பேர் வாங்கிய நிறுவனம் ஜோஹோ. எம்.பி.ஏ., வங்கித் தேர்வு, குரூப் 1, யு.பி.எஸ்.சி. சிவில் சர்வீஸ் இவற்றுக்கும் பிராஞ்ச் ஒரு பொருட்டே இல்லை. கேட் தேர்வில் மெக்கானிக்கல் மாணவன் கம்ப்யூட்டர் சயின்ஸ் தாளை எழுதலாம். 2024 முதல் டேட்டா சயின்ஸுக்குத் தனித் தாளே வந்துவிட்டது.

பிராஞ்ச் பெயர் கதவைச் சாத்தும் இடங்களும் உண்டு. மின்வாரியத்தின் உதவிப் பொறியாளர், பொதுப்பணித்துறை, டி.என்.பி.எஸ்.சி. பொறியியல் பணிகள் போன்றவற்றில் சான்றிதழில் என்ன பிராஞ்ச் என்பது முக்கியம். அரசு இன்ஜினியர் வேலைதான் குறி என்று முடிவு செய்தவர், சிவிலையோ ட்ரிபிள் ஈ-யையோ விட்டுவிட்டு ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸுக்கு ஓடினால் தன் கையால் தன் வரிசையைக் கலைக்கிறார்.

போட்டியையும் எண்ணிப் பாருங்கள். 2024-25 முதல் தகுதியுள்ள கல்லூரிகள் எத்தனை சீட் வைக்கலாம் என்ற உச்சவரம்பை ஏ.ஐ.சி.டி.இ. எடுத்துவிட்டது. கல்லூரிகள் கம்ப்யூட்டர் பக்கமே சீட்டைக் கூட்டின. நீங்கள் டிகிரி முடித்து வெளியே வரும் வருடம் உங்கள் கூடவே அத்தனை பேரும் ரெஸ்யூமேயோடு நிற்பார்கள். ட்ரிபிள் ஈ-யில் முதல் ஐந்து பேரில் ஒருவராக நிற்கும் மாணவருக்கு ஹெச்.ஓ.டி.யின் சிபாரிசு, ப்ராஜெக்டில் முன்னுரிமை, இன்டர்ன்ஷிப் அழைப்பு எல்லாம் தேடி வரும். பெரிய வகுப்பின் நடுவில் தாமதமாக வந்து சேர்ந்தவரை ஆசிரியருக்குப் பெயர் சொல்லிக் கூப்பிடவே ஒரு வருடம் ஆகும்.

4. மாறாமலே மாறும் வழி

2021 ரெகுலேஷனில் மைனர் டிகிரி உண்டு. வேறு துறையில் 18 கிரெடிட் கூடுதலாகப் படித்தால் டிகிரியோடு அதுவும் சேர்ந்து வரும். 7.5 சி.ஜி.பி.ஏ. வேண்டும். உங்கள் பேட்ச் எந்த ரெகுலேஷனில் வருகிறது என்று பார்த்து, அதன் விதியைப் படித்துக்கொள்ளுங்கள். ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2020-இல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்பு இருக்கிறது: ஜே.இ.இ. வேண்டாம், குவாலிஃபையர் தேறினால் போதும், வகுப்பு ஆன்லைனில். ஒரே நேரத்தில் இரண்டு பட்டப்படிப்பு படிக்கலாம் என்று யு.ஜி.சி. 2022-இல் அனுமதித்துவிட்டது. இரண்டையும் சுமப்பது கடினம். வாரத்துக்குப் பத்துப் பதினைந்து மணி நேரம் கூடுதலாக ஒதுக்க முடிந்தவர் மட்டும் தொடுங்கள். நான் முதல்வன் திட்டத்தின் கோர்ஸை வெறும் அட்டென்டன்ஸுக்காக முடிக்காதீர்கள். அதில் ஒரு ப்ராஜெக்ட் செய்து கிட்ஹப்பில் ஏற்றுங்கள். இன்டர்வியூவில் நாங்கள் திறந்து பார்ப்பது அதைத்தான்.

5. காலேஜ் மாற்றம்: முதலில் பணத்தைக் கணக்கிடுங்கள்

செட்டிக்கரையில் அரசு பொறியியல் கல்லூரி வந்தது 2013-இல். அதற்கு முன் அரசுக் கல்லூரி வேண்டுமென்றால் பர்கூருக்கோ சேலம் கருப்பூருக்கோ போக வேண்டும். இப்போது இந்த மூன்றும் நம் கைக்கெட்டும் தூரத்தில். அரசுக் கல்லூரி சீட்டை விட்டுவிட்டு, சென்னையில் பெரிய கட்டடம் உள்ள தனியார் கல்லூரிக்குப் போகலாமா என்று கேட்பவர்களிடம் நான் வேண்டாம் என்றே சொல்வேன். கட்டணத்தில் மிச்சமாகும் பணத்தில் நல்ல லேப்டாப், இரண்டு சர்டிஃபிகேட் கோர்ஸ், ஓசூரிலோ பெங்களூரிலோ இரண்டு மாத இன்டர்ன்ஷிப்புக்குத் தங்கும் செலவு எல்லாம் முடிந்து கையில் மீதியும் இருக்கும்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்தவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2021-இல் பொறியியலுக்கு வந்த இந்த ஒதுக்கீட்டில் டியூஷன் ஃபீஸ், ஹாஸ்டல் ஃபீஸ் எல்லாம் அரசே கட்டுகிறது. முதல் பட்டதாரிச் சலுகையும் கவுன்சலிங் வழியாக வந்த சீட்டோடு ஒட்டியது. "வாங்க தம்பி, பாத்துக்கலாம்" என்று சொல்லும் காலேஜ் அலுவலகத்தில், இந்தச் சலுகை அங்கே தொடருமா என்று எழுத்தில் கேளுங்கள். எழுதித் தரத் தயங்கினால் அதுவே பதில். நான்கு வருடக் கட்டணத்தை விழுங்கும் மாற்றம் எவ்வளவு பெரிய காலேஜுக்காக இருந்தாலும் நம் வீடுகளுக்குக் கட்டுப்படியாகாது.

அப்படியானால் எப்போது மாறலாம்? நீங்கள் இருக்கும் கல்லூரியில் உங்கள் துறைக்கு ஆசிரியர்களே இல்லை, லேப் பூட்டியே கிடக்கிறது, தேர்ச்சி விகிதம் ஆண்டாண்டாக விழுகிறது என்றால் மாறுங்கள். அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. அண்ணா பல்கலைக்கழகம் தன் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை வெளியிடுகிறது. உங்கள் காலேஜும் போக நினைக்கும் காலேஜும் அதில் எங்கே நிற்கின்றன என்று பாருங்கள். அந்தத் துறைக்கு என்.பி.ஏ. அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஒரு புதன்கிழமை நேரில் போய் கேன்டீனில் உட்கார்ந்து ஃபைனல் இயர் மாணவர்களிடம் மூன்று கேள்வி கேளுங்கள். உங்க டிபார்ட்மென்ட்ல போன வருஷம் எத்தனை பேருக்கு ஆஃபர் வந்துச்சு? எந்த கம்பெனி? சம்பளம் எவ்வளவு? வாசலில் பேனரில் இருக்கும் எண் மொத்தக் கல்லூரிக்கானது. உங்களுக்கு வேண்டியது உங்கள் துறையின் எண்.

6. பேப்பர் வேலை

இரண்டு கல்லூரியும் தடையில்லாச் சான்று தர வேண்டும். போகும் துறையில் காலியிடம் இருக்க வேண்டும். தொழில்நுட்பக் கல்வி இயக்ககமும் பல்கலைக்கழகமும் ஒப்புக்கொள்ள வேண்டும். இதில் ஒன்று விட்டுப்போனாலும் பெட்டி படுக்கையோடு நடுவழியில் நிற்பீர்கள். அட்டானமஸ் கல்லூரிக்கும் மற்றதற்கும் இடையே மாறினால் சிலபஸ் வேறுபடும். விட்டுப்போன பேப்பர்களைக் கூடுதலாக எழுத வேண்டி வரும். எத்தனை பேப்பர் என்று சேர்வதற்கு முன்பே பட்டியல் கேட்டு வாங்குங்கள்.

அட்மிஷனை ரத்து செய்து வெளியேறும் மாணவரிடம் மீதி வருடங்களின் ஃபீஸைக் கேட்கக் கூடாது, ஒரிஜினல் சான்றிதழைப் பிடித்து வைக்கக் கூடாது என்பது ஏ.ஐ.சி.டி.இ. விதி. கேட்டால் அந்த விதியைச் சுட்டி, மரியாதையாக, எழுத்தில் கடிதம் கொடுங்கள். ஆபீஸில் சத்தம் போட வேண்டாம், டி.சி., மார்க் ஷீட் என்று அவர்களிடம் இன்னும் வேலை பாக்கி இருக்கிறது. டிரான்ஸ்ஃபர் வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்கும் ஏஜென்ட் யாராக இருந்தாலும், அவர் உங்கள் மாமாவுக்கு எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும், ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

மாறப் போகிறோம் என்ற நினைப்பில் வகுப்புக்குப் போகாமல் இருப்பதுதான் எல்லாவற்றையும்விட அதிகச் சேதம் செய்கிறது. 75 சதவீத அட்டென்டன்ஸ் இல்லாமல், அதற்குத் தக்க காரணமும் இல்லையென்றால் தேர்வே எழுத முடியாது. அரியரோடு வரும் மாணவனை எந்த நல்ல காலேஜும் விரும்பி எடுக்காது. மாற விரும்புகிறவர் தங்கிவிடுகிறவரைவிட நன்றாகப் படிக்க வேண்டும்.

இன்னும் கவுன்சலிங்கில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கிடைத்த இடத்தை ஏற்றுக்கொண்டு மேலே உள்ள விருப்பத்துக்கும் காத்திருக்கும் அப்வர்ட் வசதி டி.என்.இ.ஏ.வில் இருக்கிறது. சாய்ஸ் ஃபில்லிங்கில் நூறு தேர்வுகள்கூடப் போடலாம், அதற்குக் காசு இல்லை. பிரவுசிங் சென்டர்க்காரர் பதினைந்து போட்டால் போதும் என்று சொல்வதைக் கேட்டு எழுந்து வராதீர்கள். ஒரு வருடம் கழித்து அலையப்போகும் அலைச்சலை அந்த ஒரு மணி நேரத்தில் தவிர்க்கலாம்.

7. இன்டர்வியூவில் கேட்பார்கள்

"ஏன் மாறினீங்க?" மாறியவர் எல்லோரிடமும் நான் கேட்பேன். பழைய காலேஜைத் திட்டுகிறவருக்கு அங்கேயே மார்க் குறைகிறது. நாளைக்கு எங்களையும் இப்படித்தான் பேசுவார் என்று தோன்றிவிடும். சமீபத்தில் ஒரு பெண் சொன்ன பதில் எனக்குப் பிடித்தது. "சார், ஃபர்ஸ்ட் இயர் லீவ்ல டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் நானே படிச்சுப் பார்த்தேன். தெர்மோவும் பார்த்தேன். எதுல நேரம் போறது தெரியலைன்னு எழுதி வெச்சேன். அதனால மாறினேன். விட்டுப்போன பேப்பரை ஒரே அட்டெம்ப்ட்ல கிளியர் பண்ணேன்." முப்பது விநாடிகூட ஆகவில்லை. புகார் இல்லை, ஆதாரம் இருந்தது. மாறாமல் தங்கியவருக்கும் இதே பதில் வேறு வடிவில் உதவும்: ஏன் தங்கினேன், தங்கி என்ன செய்தேன்.

8. வீட்டில் பேசுவது

நம்மில் பலருக்கு வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நாம்தான். அப்பா தக்காளி மார்க்கெட்டிலிருந்து திரும்பி வந்து உட்காரும்போது "அப்பா, எனக்கு இந்த கோர்ஸ் பிடிக்கலை" என்று ஆரம்பித்தால், அவர் காதில் விழுவது இந்த வருடம் கட்டிய பணம் போயிற்று என்பது மட்டும்தான். கோபம் வரும். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அவரிடம் யாரும் இதுவரை செமஸ்டர் என்றால் என்ன, கிரெடிட் என்றால் என்ன என்று உட்கார்ந்து சொன்னதில்லை. முதலில் அதைச் சொல்லுங்கள்.

பிறகு ஒரு தாளில் நான்கு வரி எழுதிக் கொடுங்கள். முதல் வரி, மாறினால் மொத்தம் எவ்வளவு கூடுதல் செலவு, அது எங்கிருந்து வரும். இரண்டாவது, எத்தனை மாதம் தாமதமாகும். மூன்றாவது, மாறினால் எந்த வேலைக்குப் போக முடியும், மாறாவிட்டால் எது முடியாது. நான்காவது, 15 நாள் டெஸ்டில் நீங்கள் என்ன கண்டீர்கள். அம்மாவும் பக்கத்தில் இருக்கட்டும். வீட்டுப் பணத்தின் கணக்கு அநேக வீடுகளில் அவர் கையில்தான். நான்காவது வரி இன்னும் காலியாக இருந்தால், அன்றைக்குப் பேச்சை எடுக்க வேண்டாம். சாப்பிட்டுவிட்டுப் போய்ப் புத்தகத்தைத் திறங்கள்.